அடைக்கலம் அளித்தோர் கடன்



ஒரு நாட்டின் குடிமக்கள் அந்நாட்டிலேயே கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும்போது அயல்நாடுகள் அதனுள் நுழைந்து தடுக்கலாமா என்பது நெடுங்கால வினா. தீப்பற்றிய வீட்டினுள் மதிலேறிக் குதித்தாயினும் உயிர் காப்பதே அறம் என்பர் ஒருசாரார். மதிலேறிக் குதிப்பவன் தீயை அணைக்க வருகின்றானா, வீட்டைக் கவர வருகின்றானா என்பதை யார் அறிவார் என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால், இருவரும் பெரும்பாலும் எண்ணாது விடும் நிலை ஒன்றும் உண்டு. அயலான் வீட்டாரின் அழைப்பை ஏற்று முன்னரே உள்ளே வந்து அமர்ந்திருக்கின்றான். தீ மூண்டதும் எழுந்து வெளியே போகின்றான். அவன் கடன் யாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஆபிரிக்காக் கண்டத்தின் நடுவிலே உள்ள ருவாண்டா ஒரு சிறிய மலைநாடு. அங்கே ஹூட்டு மக்கள் பெருந்தொகையினர். டுட்சி மக்கள் சிறுபான்மையினர். இரு திறத்தாரும் பேசும் மொழி ஒன்றே. பெல்ஜிய ஆட்சியாளர் 1930களில் ஒவ்வொருவர் கையிலும் இனப்பெயர் பொறித்த அடையாள அட்டையைக் கொடுத்தனர். ஆட்சி மாறிய பின்னரும் அவ்வட்டை மாறவில்லை. 1990ஆம் ஆண்டிலே அரசுக்கும், பெரும்பாலும் டுட்சி அகதிகளைக் கொண்ட ருவாண்டா தேசபக்த முன்னணிக்குமிடையே போர் மூண்டது. 1993ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தன்சானியாவிலுள்ள அருஷா நகரில் இருபகுதியாரும் உடன்படிக்கை செய்தனர். அதனை நிறைவேற்றத் துணைநிற்குமாறு ஐக்கிய நாடுகள் சபையை அழைத்தவர்களும் அவர்களே. ஏறக்குறைய 2,500 வீரரைக் கொண்ட சமாதானப் படை அந்நாட்டுக்குச் சென்றது. எனவே, இங்கே மதிலேறிக் குதித்தவர் எவருமில்லை. வாயில் திறந்தே இருந்தது.

அப்படையின் தலைவர் கனடா நாட்டவரான ஜெனரல் ரோமியோ டலேர். டுட்சி மக்களைக் கொல்வதற்குத் திட்டமிடப்படுகின்றது என்றும், ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன என்றும் அவருக்குச் செய்தி கிடைத்தது. 1994ஆம் ஆண்டு சனவரி 11ஆந் தேதி அவர் நியூயோர்க் தலைமையகத்துக்கு அதனை அறிவித்து, அவ்வாயுதங்களைக் கைப்பற்றப் போவதாகவும் தெரிவித்தார். படைக்கு வழங்கப்பட்ட ஆணை அதற்கு இடந்தராது என்று மறுமொழி வந்தது.

ஏப்ரில் 6ஆந் தேதி இரவு சனாதிபதி ஹபியாரிமானா சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கிகாலி நகரிலே கொலைகள் தொடங்கின. வீதித் தடைகளிலே அடையாள அட்டையைப் பார்த்து ஆட்களைப் பிரித்தனர். மறுநாட் காலை பிரதமர் அகதே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட பத்துப் பெல்ஜிய வீரரும் கொல்லப்பட்டனர். அச்செய்தி பெல்ஜியத்தை உலுக்கியது. தன் வீரரைத் திரும்பப் பெற அவ்வரசு முடிவு செய்தது.

கிகாலியின் கிச்சுக்கிரோப் பகுதியிலே பாதிரிமார் நடத்திய தொழில்நுட்பப் பாடசாலை ஒன்று இருந்தது. அங்கே பெல்ஜிய வீரர் ஏறக்குறையத் தொண்ணூறு பேர் தங்கியிருந்தனர். நீலத் தொப்பிகளையும் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியையும் கண்டு ஏறக்குறைய 2,000 பேர் அங்கே ஓடிவந்து ஒதுங்கினர். கொலைஞர் வாயிலின் வெளியே காத்து நின்றனர். வீரர் உள்ளே இருந்தவரை அவர்கள் உள்ளே வரத் துணியவில்லை. ஏப்ரில் 11ஆந் தேதி, வெளிநாட்டவரை அழைத்துச் செல்லப் பிரெஞ்சு வீரர் வந்தனர். அதன்பின் பெல்ஜிய வீரரும் புறப்பட்டனர். தங்களை விட்டுச் செல்ல வேண்டாம் என்று மக்கள் வாகனங்களின் முன்னே விழுந்து மன்றாடினர். வெட்டுக்கத்திக்கு இரையாவதினும் உங்கள் துப்பாக்கியாலேயே மடிகின்றோம் என்று சிலர் வேண்டினர் எனத் தப்பியோர் கூறியுள்ளனர். வாகனங்கள் சென்றன. கொலைஞர் உள்ளே புகுந்தனர். எஞ்சியோர் நியான்சாக் குன்றுக்கு நடத்திச் செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டனர்.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்திலே சிலப்பதிகாரத்து மாதரி நினைவுக்கு வருவாள். கண்ணகியைக் கவுந்தியடிகள் அவளிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். கோவலன் கொலையுண்டதிலே மாதரியின் குற்றம் எதுவுமில்லை. ஆயினும், அடைக்கலம் இழந்தேன் என்று அவள் தீப்புகுந்தாள். அடைக்கலம் என்ற சொல்லின் நிறையை அக்காப்பியம் ஓர் இடைக்குல முதுமகளின் வாயிலாகக் காட்டுகின்றது. எவரும் தீப்புக வேண்டும் என்பது இங்கே கருத்தன்று. என்னை நம்பி வா என்று ஒருவன் சொல்லாமற் சொல்லினும், அச்சொல்லினால் அவன் கட்டுண்டவன் என்பதே கருத்து. பாடசாலைக் கூரையின்மேற் பறந்த கொடி அவ்வாறு சொல்லாமற் சொல்லிய ஒரு சொல். அக்கொடி இல்லையேல் அம்மக்களிற் சிலரேனும் வேறு வழி தேடியிருப்பர். எனவே, காவாது விட்டமை ஒரு குற்றம். நம்பவைத்துக் காவாது விட்டமை அதனினும் பெருங்குற்றம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். பத்து இளைஞரை இழந்த ஒரு நாடு மேலும் பலரை இழக்க அஞ்சியது இயல்பே. தன் வீரரின் உயிரைக் காப்பதும் ஓர் அரசின் கடமையே. ஆனால், ஆள்வலி இல்லை என்ற நியாயம் மட்டும் நிற்காது. வெளிநாட்டவரை மீட்பதற்கென்று அந்நாட்களிலேயே பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளின் தேர்ந்த வீரர் ஆயிரவருக்கு மேற்பட்டோர் வந்திறங்கினர். தம்மவரை ஏற்றிக்கொண்டு சில நாட்களில் அவர்கள் திரும்பினர். ஏப்ரில் 21ஆந் தேதி பாதுகாப்புச் சபை சமாதானப் படையை 270 பேராகக் குறைக்குமாறு தீர்மானித்தது. மே 17ஆந் தேதி 5,500 பேரை அனுப்பலாம் என்று மீண்டும் தீர்மானித்தது. அத்தொகையினர் வந்து சேருமுன்னரே, யூலை மாதத்திலே, தேசபக்த முன்னணி கிகாலியைக் கைப்பற்றிக் கொலைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. நூறு நாட்களில் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் மாண்டனர் என்று, சுவீடனின் முன்னாட் பிரதமர் இங்வார் கார்ல்சன் தலைமையில் நடந்த விசாரணையின் 1999ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. வளமும் மன உறுதியும் இல்லாமையே தவறுக்குக் காரணம் என்பதும் அதன் முடிபு.

வானொலி நேயர்கள் சிறப்பாக நினைக்கத்தக்க செய்தி ஒன்றுமுண்டு. அந்நாட்களிலே கிகாலியில் ஒரு தனியார் வானொலி நிலையம், டுட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று இழித்து, கொலைஞரை ஏவிக்கொண்டிருந்தது. அதன் ஒலியலைகளை விமானத்திலிருந்து குழப்பலாமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஆராய்ந்தது. செலவு மிகுதி, சட்டச் சிக்கலும் உண்டு என்று அது கைவிடப்பட்டது. தலையிடுதல் என்றதும் குண்டு வீச்சையே நினைப்போர், குருதி சிந்தாத வழிகளும் இருந்தன என்பதையும், அவையும் மேற்கொள்ளப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

ஆணையையும் ஆள்வலியையும் எண்ணி அஞ்சாதவர் சிலரும் அங்கே இருந்தனர். செனகல் நாட்டுக் கப்டன் எம்பாய் டியாஞ் படைக்கலம் இன்றிப் பணிபுரிந்த ஒரு கண்காணிப்பாளர். அவர் தம் வாகனத்திலே ஒருமுறைக்குச் சிலராக மறைத்து ஏற்றி, வீதித் தடைகளிலே நகைச்சுவையாலும் நயவுரையாலும் கொலைஞரை இணக்கி, பல நூறு பேரைக் காத்தார். மே 31ஆந் தேதி எறிகணை வீழ்ந்து அவர் இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 2014இல், அஞ்சாமைக்கு அவர் பெயரால் ஒரு பதக்கத்தைப் பாதுகாப்புச் சபை நிறுவிற்று. டலேரோடு பின்தங்கிய சில நூற்றுவர், கானா நாட்டு வீரர் முதலானோர், அமஹோரோ விளையாட்டரங்கிலே பல்லாயிரவருக்குக் காவலாக நின்றனர். சிறுபடை என்செய்யும் என்ற வினாவுக்கு விடை அதுவே.

பிற்காலத்திலே உலகம் சில பாடங்களை எழுதி வைத்தது. தன் மக்களைக் காப்பது ஒவ்வோர் அரசின் பொறுப்பு. அது தவறுமிடத்து அப்பொறுப்பு உலகச் சமுதாயத்தைச் சாரும் என்று 2005ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபையின் உச்சி மாநாடு ஏற்றது. 2011ஆம் ஆண்டிலே லிபியாவின் குடிமக்களைக் காக்கவென்று பாதுகாப்புச் சபை வழங்கிய ஆணை, ஆட்சியையே வீழ்த்தும் போராக விரிந்தது. அந்நாடு பின்னர் உள்நாட்டுப் போரிலே ஆழ்ந்தது. மதிலேறுவோரின் உள்ளக் கிடக்கையை ஐயுற்றவர் கூற்று அங்கே வலுப்பெற்றது. ஆகவே, பழைய வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஆனால், அடைக்கலத்தைப் பற்றிய வினா அத்துணைச் சிக்கலானதன்று. 1995ஆம் ஆண்டு பொஸ்னியாவின் சிரெபிரெனிகாவிலே, தம் முகாமினுள் ஒதுங்கிய ஏறக்குறைய 350 ஆடவரை டச்சுச் சமாதான வீரர் வெளியேற விட்டனர், அவர்கள் கொல்லப்பட்டனர். அவர்தம் குடும்பங்களுக்கு நெதர்லாந்து அரசும் ஒரு பங்கு பொறுப்புடையது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2019இலே தீர்ப்பளித்தது. அப்பங்கு நூற்றுக்குப் பத்தே. பங்கு சிறிதாயினும், வாயிலைத் திறந்து விட்டவனும் கணக்குச் சொல்லவேண்டும் என்ற நெறி அங்கே சட்டமாயிற்று.

எங்கே, எப்போது படை அனுப்புவது என்பதிலே நல்லோரும் மாறுபடலாம். காக்க மனமில்லாத இடத்திலே கொடி நாட்டலாகாது என்பதிலும், நாட்டிய கொடியின் நிழலிலே மக்கள் ஒதுங்கியபின் அதனைச் சுருட்டிக்கொண்டு போதலாகாது என்பதிலும் மாறுபட இடமில்லை. நியான்சாக் குன்றிலே இன்று ஒரு நினைவகம் இருக்கின்றது. ஆண்டுதோறும் ஏப்ரில் 11ஆந் தேதி மக்கள் அங்கே கூடுகின்றனர். அவர்கள் நினைவுகூர்வது கொலைஞரின் வருகையை மட்டுமன்று. காவலர் புறப்பட்டுச் சென்ற நாளையுமேயாகும்.