உள்ளிருந்து பழிக்கும் குரல்



பிறர் நம்மைப் பழித்தால் மறுமொழி சொல்ல நமக்கு நாவுண்டு. நம் மனமே நம்மைப் பழிக்கத் தொடங்கினாலோ, பேசாமல் ஒப்புக்கொண்டு விடுகிறோம். "நீ எதற்கும் உதவாதவன், எல்லாம் உன்னால் வந்த வினை" என்று அது நாளும் பொழுதும் ஓதும்போது, அதற்குச் சான்று என்னவென்று நாம் கேட்பதேயில்லை.

இவ்வூரார்க்கு இது புதிய செய்தியன்று. 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் முடிவில், நமது செட்டிகுளம் பிரிவிலே, மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். கூடாரங்கள் போய்விட்டன, ஒரு கேள்வி மட்டும் பல வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. "அன்று பிள்ளையைப் பதுங்குகுழியை விட்டு ஏன் வெளியே விட்டேன்?" பிள்ளையை இழந்த தாய் தன்னையே கொலைகாரி என்கிறாள். எறிகணையை ஏவியவன் எவனோ! அவனை மறந்து, தண்ணீர் எடுத்துவர அனுப்பிய தன்னையே நோகிறாள்.

அத்தாய்க்குக் "கவலைப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. (நாமும் சொல்லிப் பார்த்தவர்கள்தாம்.) "இப்போது தெரிவது அப்போது உனக்குத் தெரிந்திருந்ததா, பிள்ளை? உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தப்பினார்களா? உன் தங்கைக்கு இது நேர்ந்திருந்தால் அவளைக் கொலைகாரி என்பாயா?" என்று பக்கத்திலிருந்து மெல்லக் கேட்க வேண்டும். அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சிகிச்சை முறையும் ஏறத்தாழ இதுவே. மனச்சோர்வுற்றோரின் உள்ளத்தில் இத்தகைய பழிச்சொற்கள் தாமாகவே எழுவதையும், அவர்களுக்கு அவை ஐயமற்ற உண்மையாகத் தோன்றுவதையும் அவர் கண்டார். "மகிழ்ச்சியாய் நினை" என்று அவர் சொல்லவில்லை. நினைப்பைக் கூண்டிலேற்றி விசாரிக்கக் கற்பித்தார்.

விசாரிக்கவும் தெம்பில்லாத நாட்கள் உண்டு. அப்போது மனம் வரட்டும் என்று காத்திராமல் கையை முதலில் அசைக்க வேண்டும். முகங்கழுவுதல், முற்றங் கூட்டுதல், ஒரு பாத்திக்குத் தண்ணீர் விடுதல். அற்பந்தான். ஆனாலும் "உன்னால் ஒன்றும் ஆகாது" என்ற குரலுக்கெதிரே அந்த ஈரப் பாத்தி ஒரு சாட்சியன்றோ!

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பரீட்சையில் தவறிய பையனைச் சந்தியில் வைத்து "உருப்படாதவன்" என்கிறோம். பின்பு சோர்வு வரும் நாளில் அவனுள் பேசுவது நம்முடைய குரலே. அதைச் சோம்பலென்றும் கிரக தோஷமென்றும் தள்ளிவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டால், வைத்தியசாலைக்குக் கூடவே செல்லுங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொல்லக் கேட்டாலோ, ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். நடு இரவானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். விடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.