வழங்காத வெள்ளிக் காசுகள்



மக்கள் கையில் வழங்கிய காசுகளேயன்றி, வழங்காமலே நின்றுவிட்ட காசுகளும் வரலாறு கூறும். சீனப் பேரரசின் இறுதிக் காலத்தில் அடிக்கப்பெற்ற மாதிரி வெள்ளி நாணயங்கள் அத்தகையவை.

அக்காலச் சீனத்தில் சிறு செலவுகளுக்குச் சதுரத் துளையுள்ள காசுகள் வழங்கின. பெருந்தொகைக்கு வெள்ளிக் கட்டிகளை நிறுத்துக் கொடுத்தனர். அந்நிறைக்கு 'டேல்' என்று பெயர்; அஃது ஏறத்தாழ 37 கிராம். ஆயினும் ஊருக்கு ஊர் நிறையும் வேறு. வெள்ளியின் மாற்றும் வேறு. ஆதலின் வணிகர்கள், ஒரே நிறையும் மாற்றும் உடைய மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயத்தையே விரும்பி ஏற்றனர்.

தம் நாட்டுச் சந்தையில் அயல்நாட்டுக் காசு கோலோச்சுவதை மாற்ற முனைந்தவர் ஜாங் ஜிதோங் என்னும் ஆளுநர். அவர் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து இயந்திரங்களை வருவித்துக் குவாங்டோங்கில் அக்கசாலை நிறுவினார். அங்கு 1889-இல் அடிக்கப்பெற்ற முதல் வெள்ளி நாணயம், ஒரு டேலில் நூற்றுக்கு 73 பங்கு நிறையுடையது. மெக்சிகோ நாணயத்தினும் சற்றே மிகுதி. மிகுதியாகத் தந்தால் மக்கள் நம்புவர் என்பது கருத்து. ஆனால் மனித இயல்பு என்ன? நிறைந்த காசைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் குறைந்ததையே செலவிடுவோம் அல்லவா? ஆகவே நிறை 72 பங்காகக் குறைக்கப்பெற்றது. அந்த 73 பங்குக் காசு இன்று கிடைத்தற்கரியது.

பின்னர் மாகாணங்கள் பலவும் தத்தம் காசுகளை அடித்தன, குழப்பம் பெருகிற்று. நாடு முழுமைக்கும் ஒரே அளவு வேண்டும். அது டேலா, 72 பங்கா? 1903-இல் நிதி வாரியத்தின் பெயரால் ஒரு டேல் மாதிரிகள் அடிக்கப்பெற்றன. அவை வழக்கிற்கு வரவில்லை. 1905-இல் அரசு டேலையே ஏற்றது; 1910-இல் அதனைக் கைவிட்டு 72 பங்கு 'யுவானை'ச் சட்டமாக்கிற்று.

1911-இல் தியன்ஜின் அக்கசாலையில் லூயிஜி ஜோர்ஜி என்னும் இத்தாலியச் சிற்பி டிராகன் உருவங்களைப் பலவாறு செதுக்கினார். அவற்றுட் சில மாதிரியாகவே நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரியில் சிறுவனான பேரரசன் முடி துறந்தான். 1914-இல் குடியரசு, யுவான் ஷிகாய் உருவம் பொறித்த நாணயத்தை வெளியிட்டது. அதற்கு அச்சுச் செதுக்கியவரும் அதே ஜோர்ஜி. நிறையும் அதே 72 பங்கு! டிராகன் மறைந்தது, நிறை நிலைத்தது.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அழகிய உருவத்தைப் பொறித்தல் எளிது. அதன்மேல் மக்கள் நம்பிக்கையைப் பொறித்தலே அரிது. அரசு தயங்கித் தயங்கிக் கழித்த ஆண்டுகளின் சாட்சிகளே அம்மாதிரிக் காசுகள். இதனை நினைவிற் கொள்வீர்களாக.