பிள்ளைக்குப் பேச்சு வர வீட்டில் நாம் செய்யக்கூடியவை

(காரைதீவில் பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரை. தோட்டத்துத் தாய்மாரும் தகப்பன்மாரும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



தாய்மாரே, உம்மாமாரே, வாப்பாமாரே, தொழிற்சங்கத் தோழர்களே,

மலையிலிருந்து பஸ் ஏறி உங்கள் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். 1892 இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரைத் தந்த ஊரில், பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொழுந்து பறிக்கும் தாய்க்கும், இங்கே வயலுக்கும் கடலுக்கும் போகும் குடும்பத்துக்கும் இந்தக் கவலை ஒன்றுதான்: "மூன்று வயதாகுது, பிள்ளை இன்னும் வாய் திறக்கவில்லையே!"

முதலில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தரம் 1 இற்கு ஒரு பையன் வந்தான். அம்மா, தண்ணி, பூனை என்று ஏழெட்டுச் சொற்கள்தான் அவனிடம் இருந்தன. மற்றதெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். ஆசிரியர்களான நாங்கள் கெட்டித்தனம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தோம். "தண்ணி வேணும்னு வாயால சொன்னாத்தான் போத்தல் தருவோம்" என்று பிடித்து வைத்தோம். இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் கேட்பதையே விட்டுவிட்டான். தாகத்தோடு வீட்டுக்குப் போனான். அந்தத் தவறு எங்களுடையது.

தாய் அவனை நகரத்துக்குக் கிளினிக் கொண்டுபோனார். விடியற்காலை பஸ், அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. சிகிச்சையாளர் அன்பானவர்தான், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. வேறொருவர் அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அது தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழி. அடுத்த தவணைக்கு அவர் போகவில்லை. தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்தபடி இருந்தது. "போயும் என்னங்க டீச்சர், ஒரு நாள் பேர்தான் போகுது" என்றார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997 இல்தான் தொடங்கியது. பிறகு அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆனால் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்னும் மிகக் குறைவு. பேச்சுச் சிகிச்சையோ மொழியோடு பின்னியது. ஊசியை எந்த மொழியிலும் போடலாம். பேச்சைப் பிள்ளையின் வீட்டு மொழியில்தான் வளர்க்க வேண்டும்.

நாங்கள் அந்தத் தாளைத் தமிழில் எழுதினோம். பிறகு வேலையைப் பங்கு பிரித்தோம். குளிப்பாட்டும் நேரம் அப்பாயிக்கு. மாலையில் விளையாடும் நேரம் அக்காவுக்கு. இரவுச் சாப்பாடு தாய்க்கு. வகுப்பு எங்களுக்கு. மாதத்தில் ஒரு நாள் கிளினிக்கில் அரை மணித்தியாலம் கிடைத்தால், மற்ற நாளெல்லாம் பிள்ளை நம்மோடுதான் இருக்கிறது. சிகிச்சையாளர் வழி காட்டுவார், நடப்பது வீடுதான்.

அந்தத் தாளிலிருந்தும் பட்டுத் தெரிந்ததிலிருந்தும் சில விடயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்துங்கள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் பிள்ளைக்கு நம் வாய் தெரியாது.

இரண்டு, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். கோழியைப் பார்க்கும் பிள்ளையிடம் பந்தைக் காட்டி "இது என்ன, சொல்லு சொல்லு" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "கோழி. கோழி ஓடுது" என்றால் போதும்.

மூன்று, காத்திருங்கள். ஒரு வார்த்தை சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். நாம் அவசரத்தில் பிள்ளைக்குப் பதிலாக நாமே பேசிவிடுகிறோம்.

நான்கு, ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். பிள்ளை "பால்" என்றால் நீங்கள் "சூடு பால்" என்று சொல்லுங்கள். "பஸ்" என்றால் "பஸ் வருது". திருப்பிச் சொல்ல வற்புறுத்த வேண்டாம், காதில் விழுந்தால் போதும். பிழையாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். "லோஜாப்பூ" என்றால் "ஓம், ரோஜாப்பூ" என்று சரியான சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். ர, ற, ழ எல்லாப் பிள்ளைகளுக்குமே பிந்தி வரும் ஒலிகள்.

ஐந்து, இரண்டைக் காட்டிக் கேளுங்கள். "வாழைப்பழமா, பிஸ்கட்டா?" கையைக் காட்டினாலும் அது பதில்தான். பெயரைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். நாங்கள் செய்ததுபோலப் பிடித்து வைக்காதீர்கள். கையசைவும் படமும் பேச்சை மறிக்காது. பேச்சு வரும்வரை பிள்ளை பிடித்து நடக்கும் கைத்தடி அவை.

இதற்கெல்லாம் தனி நேரம் வேண்டாம். குளிப்பாட்டும்போது ஐந்து நிமிடம், சோறு ஊட்டும்போது ஐந்து நிமிடம். நாள் தவறாமல் செய்வதுதான் முக்கியம். கைத்தொலைபேசியை மட்டும் தள்ளி வையுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. திரை பேசும், ஆனால் பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்காது.

திக்கிப் பேசும் பிள்ளையா? "மெதுவாச் சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" என்று இடையில் சொல்ல வேண்டாம். நாம் மெதுவாகப் பேசுவோம். அது சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேட்போம். பழித்துக் காட்டுகிறவர்களைத் தடுப்போம்.

வீட்டில் எந்த மொழியோ அதிலேயே பேசுங்கள். மலையில் நாங்கள் "பேசு" என்போம், நீங்கள் இங்கே "கதை" என்பீர்கள். இரண்டும் தமிழ்தான். "பாடசாலைக்கு உதவும்" என்று தெரியாத ஆங்கிலத்தில் பேசிக் கஷ்டப்பட வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்துவதும் இல்லை.

வசம்பு சுட்டு நாக்கில் தடவுவதை மலையிலும் கண்டிருக்கிறோம். நேர்த்தி வைப்பது உங்கள் மனதுக்கு ஆறுதல். அதை நாங்கள் மறிக்கவில்லை. ஆனால் வசம்பால் பேச்சு வராது. "நாக்கு கட்டியிருக்கு, வெட்டிவிடு" என்று யாராவது சொன்னால் வைத்தியரிடம் காட்டாமல் கைவைக்க வேண்டாம். "தாய் சரியில்லை, அதுதான் பிள்ளை பேசவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

எப்போது காட்ட வேண்டும்? ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லாவிட்டால், இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேராவிட்டால் காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டால் உடனே போங்கள். முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? பிறந்தபோது தந்த சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல மருத்துவிச்சியிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் பேசுவான்" என்று சொல்லி வருடங்களை இழக்காதீர்கள்.

தோழர்களே, வீடு மட்டும் போதாது. எங்கள் சங்கத்தின் கோரிக்கைகளை இங்கேயும் சொல்கிறோம். பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகும் தாய்க்கு அன்றைய பேர் போட வேண்டும். பிள்ளைக் காம்பரா ஆயாமாருக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். தமிழ் பேசும் மாணவர்களை இந்தப் படிப்புக்கு எடுத்து, கல்முனை போன்ற ஊர்களிலும் மலையகத்திலும் நியமிக்க வேண்டும். வீட்டுப் பயிற்சித் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பேச்சு வராது என்று ஒரு பிள்ளையைப் பாடசாலை திருப்பி அனுப்பினால், அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் யாராவது நன்றாகப் படித்தால், இந்தத் தொழிலையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவன் இப்போது தரம் 2. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். புதியவர்களுக்கு அவன் பேச்சு பாதிதான் விளங்கும், இன்னும் கிளினிக் போகிறான். ஆனால் ஒரு நாள் இடைவேளையில் எங்கள் சேலைத் தலைப்பை இழுத்து, "டீச்ச, தண்ணி தா" என்றான். நாங்கள் ஒன்றும் கேட்காமல் போத்தலை எடுத்துக் கொடுத்தோம். "குளிர் தண்ணி" என்று ஒரு சொல் மட்டும் கூட்டினோம்.