பழைய படகும் பழகிய சொற்களும்



பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றைச் செப்பனிடும் முறையே இன்றைய பொழிவின் பொருள். மொழி அவையில் படகுப் பட்டறைக்கு என்ன வேலை என்று வினவத் தோன்றலாம். ஒரு கைத்தொழிலைத் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழிலேயே விளக்க இயலுமா என்பது நம்முன் உள்ள வினா. அதற்கு விடை காண இத்தொழில் நல்லதோர் உரைகல்.

நெகிரி செம்பிலான் தமிழரைப் பால்மரக் காட்டோடு சேர்த்து எண்ணுவதே வழக்கம். ஆயினும் லிங்கி, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை நெடுந்தொலைவில் இல்லை. நம் முன்னோருள் பலர் 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்கள். கப்பல் என்னும் நம் சொல்லும் மலாய் மொழியில் 'காப்பால்' என நிலைத்துவிட்டது. நாமோ கரையேறிய பின் உளியையும் மங்கையும் கையில் எடுத்தோம். கடற்சொற்கள் நம் நாவைவிட்டு நழுவின.

அச்சொற்களுள் சிலவற்றை முதலில் மீட்டுக்கொள்வோம். படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். அடியில் முதுகெலும்புபோல் ஓடுவது ஏரா. உடலைத் தாங்கும் விலாக்கட்டைகள் வங்கு. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைப்பது கலப்பற்றுதல். இவை மரக்கலத்துக்கு எழுந்த சொற்கள். எனினும் கண்ணாடியிழைப் படகிலும் இவற்றுள் பெரும்பாலானவை பிழையின்றிப் பொருந்துகின்றன. அதன் உடலில் பலகை இடுக்கு இல்லை. ஆனால் மேற்றட்டும் உடலும் கூடும் பொருத்தை அடைக்கும் வேலை உண்டு. கலப்பற்று என்னும் சொல்லை அங்கே அமர்த்தலாம்.

இனித் தொழிலுக்கு வருவோம். கண்ணாடியிழை மட்காது, அதனால் படகும் கெடாது என்று பலர் நம்புகின்றனர். இழை மட்காது என்பது மெய்யே. ஆனால் பழைய படகுகள் பலவற்றின் அமரத்தில் இரண்டு இழைத்தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தைப் பூட்டிய திருகாணித் துளைகளின் வழியே நீர் கசிந்து அப்பலகையை உளுத்துப்போகச் செய்யும். வெளித்தோல் பளபளத்துக்கொண்டே இருக்கும். அந்நிலையில் கடலுக்குச் சென்றால் பலகை பெயர்ந்து இயந்திரம் நீரில் விழலாம், படகும் மூழ்கலாம்.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்த்தல். சிறு கொட்டாப்புளியால் உடல் முழுதும் மெல்லத் தட்டவேண்டும். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே உளுத்த இடமும் அடுக்கு விட்ட இடமும் மந்தமாக ஒலிக்கும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடவேண்டும்.

இரண்டாவது, கெட்டதை நீக்குதல். உளுத்த பலகையை முற்றும் அகற்றி, எஞ்சியதை நன்கு உலர்த்தவேண்டும். பழைய இழையின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்கவேண்டும். தடிப்பைப்போல் 12 மடங்கு அகலம் அச்சரிவுக்கு வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 4 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சரிவு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அமையும். இறுகிப்போன பழைய பிசினோடு புதிய பிசின் ஒன்றாய்க் கலவாது. பற்றி நிற்க மட்டுமே செய்யும். பற்றுவதற்குச் சொரசொரப்பான அகன்ற பரப்பு தேவை. நல்ல அடுக்கைக் காயப்படுத்தாமல் கெட்டதை மட்டும் சீவும் இப்பக்குவம் தோட்டத்தாருக்குப் புதிதன்று. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவிய கைகள் நம்முடையவை.

மூன்றாவது, புதிய இழை ஏற்றுதல். பிசினில் இறுக்கியைச் சேர்த்து, இழைப்பாயை நனைத்து, உருளையால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, அடுக்கடுக்காகப் படியவைக்கவேண்டும். பாலியெஸ்டர் பிசினுக்கு இறுக்கியின் அளவு பொதுவாக எடையில் 1 முதல் 2 விழுக்காடு. மிகுந்தால் பிசின் சூடேறி வெடிப்புறும்; குறைந்தால் முழுமையாக இறுகாது. நம் நாட்டு வெப்பத்தில் பிசின் விரைந்து இறுகுவதால் சிறிது சிறிதாகக் கலப்பதே அறிவுடைமை. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றிய தோட்டத்து ஆலையிலும் அளவே முறையாக இருந்தது. இரண்டின் வேதியியலும் வேறு. கைக்கு வேண்டிய ஒழுக்கம் ஒன்று. இறுக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இழைத்தூசு நுரையீரலுக்குக் கேடு. கண்காப்பு, கையுறை, மூச்சுக்கவசம் ஆகியவை இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

இதுவரை கூறியவற்றுள் விளங்காத சொல் எத்தனை? இயந்திரம், பாலியெஸ்டர் போன்ற பிறமொழிச் சொற்களை நாம் விலக்கவில்லை. விலக்க வேண்டியதும் இல்லை. தமிழகக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது, மீனவர் அவற்றை 'பைபர் படகு' என்றே வழங்கினர். மலாயிலோ இப்பொருள் 'கெந்தியான் காச்சா'. அதற்கும் கண்ணாடியிழை என்பதே நேர்ப்பொருள். தொழிற்கல்லூரியில் மலாய் மொழியில் பயிலப்போகும் மாணவன், தன் வீட்டு மொழியில் அப்பொருளை முன்னரே அறிந்திருந்தால் அங்கே அவன் தடுமாற மாட்டான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரம் புகுந்தபின், தமிழ் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கும் இடர் நம்முன் நிற்கிறது. ஆதலால் ஆசிரியர்களிடம் ஒன்றை வேண்டுகிறோம். கட்டுரைப் பயிற்சியில் ஒருமுறையேனும் ஒரு பழுதுபார்க்கும் வேலையைப் படிப்படியாக எழுதச் சொல்லுங்கள். மிதிவண்டியோ தையற்பொறியோ படகோ எதுவாயினும் ஆகுக. சொல் கிடைக்காத இடத்தில் மாணவர் வீட்டுப் பெரியவரிடமும் பட்டறைக்காரரிடமும் கேட்டு எழுதட்டும். அவ்வாறு திரண்ட சொற்களைப் பள்ளிதோறும் ஓர் ஏட்டில் பதிந்து வைப்போம்.