வாசிக்கும் நாற்காலியில் யார்? – பால்டிமோர் சிம்பொனி இசைக்குழுவை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவுக்கு ஓர் அமெரிக்க இசைக்குழுவைத் தலைப்பாகச் சொன்னதும் அமைப்புத் தோழர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். “நமக்கும் வயலினுக்கும் என்ன தோழர்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது ஒரு மனிதர் அங்கே போய்ச் சேர்ந்ததைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். நான் பேச வந்தது வேறொன்று. ஊர்ப்பணத்தில் பிறந்த ஓர் இசைக்குழு, அந்த ஊரின் ஒடுக்கப்பட்ட மக்களை நூறு ஆண்டுகளாக எங்கே உட்கார வைத்தது என்பதைப் பார்க்கலாம்.

1916 பிப்ரவரியில் பால்டிமோர் சிம்பொனி இசைக்குழு தன் முதல் கச்சேரியை நடத்தியது. அதே ஆண்டு மே மாதம், ரயிலில் சில மணி நேரத் தொலைவிலிருந்த நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கு ஒன்றில் 25 வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் அண்ணல் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கா எது என்று புரிந்துகொள்ள இந்த இசைக்குழு உதவும்.

அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பெரும்பாலும் பணக்காரர்களின் கொடையில் பிறந்தவை. பால்டிமோர் குழு மட்டும் நகர நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே தொடங்கப்பட்டது. குடிநீர், தெருவிளக்கு போல இசையும் நகராட்சியின் வேலை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த நகராட்சி யாருடையது? சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1910 டிசம்பரில், அதே நகரம்தான் தெருத்தெருவாக மக்களைப் பிரித்து வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் கறுப்பர் குடியேறக் கூடாது. அமெரிக்க நகரங்களில் இப்படிச் சட்டமே போட்ட முதல் நகரம் அதுதான். நம் ஊரும் சேரியும் எழுதாமலே செய்ததை அவர்கள் எழுதிவைத்துச் செய்தார்கள். வேறொரு நகரத்தின் வழக்கில் 1917இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. பிறகும் பத்திர நிபந்தனை, வீட்டுக்கடன் மறுப்பு என்று வேறு வழிகளில் அந்தக் கோடு நீடித்தது.

இசையிலும் அந்தக் கோடு இருந்தது. 1930களில் நகராட்சி ஆதரவிலேயே கறுப்பினத்தவருக்கென்று தனி இசைக்குழு ஒன்று இயங்கியது. ஒரே கஜானா, ஒரே வரிப்பணம், இரண்டு குழுக்கள். தேநீர்க்கடையில் இரட்டைக்குவளை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தனிக்குழுவை வெறும் அவமானச் சின்னமாக மட்டும் பார்த்துவிட வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் நடத்துநர்களில் ஒருவரான டபிள்யூ. லெவெலின் வில்சன், கறுப்பின மாணவர்களுக்கான ஃபிரெடெரிக் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியர். ஜாஸ் இசையில் புகழ்பெற்ற கேப் கேலோவே அவரிடம் படித்தவர். உள்ளே விடாதவர்களின் வாசலில் காத்துக் கிடக்காமல் ஒரு பள்ளி ஆசிரியர் கட்டியெழுப்பிய உலகம் அது.

அதே பள்ளியில் படித்தவர் ஆன் பிரவுன். 1912இல் பால்டிமோரில் பிறந்தவர். பாடகி. ஊரின் பெருமைக்குரிய பீபாடி இசைக்கல்லூரி, அவர் கறுப்பினப் பெண் என்பதால் இடம் தரவில்லை. நியூயார்க் போய் ஜூலியார்டில் சேர்ந்தார். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935இல் அரங்கேற்றிய ‘போர்கி அண்ட் பெஸ்’ இசை நாடகத்தில் பெஸ்ஸாகப் பாடிய முதல் பெண் அவர்தான். 1936இல் அந்த நாடகம் வாஷிங்டனுக்கு வந்தபோது, கறுப்பின மக்களைப் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று மறுத்தார். அரங்கம் இறங்கிவந்தது, அந்த நாடகம் நடந்த நாட்களுக்கு மட்டும். நிறவெறி தாங்காமல் 1948இல் நார்வேயில் போய்க் குடியேறினார். 1998இல் பீபாடி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. பதக்கம் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வழக்கம் நமக்கும் பழக்கமானதே.

இசைக்குழு 1942இல் தனி நிறுவனமாக மாறியது. சில பத்தாண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். 2007இல் மரின் ஆல்சப் இசை இயக்குநரானார், அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றுக்கு அந்தப் பொறுப்பேற்ற முதல் பெண். மறுஆண்டு, தனக்குக் கிடைத்த மெக்ஆர்தர் நல்கையிலிருந்து ஒரு லட்சம் டாலர் போட்டு, மேற்கு பால்டிமோரின் ஓர் அரசுப் பள்ளியில் 30 முதல் வகுப்புக் குழந்தைகளுடன் ‘ஆர்க்கிட்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பள்ளி விட்ட பிறகு கருவி, பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தாளம் பழகுவதும் உண்டு. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இங்கே சாவுக்கு அடிக்க ஒரு கருவி நம் தோளில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது, மற்ற கருவிகள் மறுக்கப்பட்டன. எந்தக் கருவியை எடுப்பது என்று ஒரு குழந்தை தானே முடிவு செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் 2015 ஏப்ரலைப் பாருங்கள். 25 வயது ஃபிரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் காவலில் முதுகெலும்பு முறிந்து இறந்தார். நகரம் கொந்தளித்தது, ஊரடங்கு போட்டார்கள். ஏப்ரல் 29 நண்பகலில் இசைக்குழு தன் அரங்குக்கு வெளியே தெருவோரம் வந்து இலவசமாக வாசித்தது. அந்த இசைக்கலைஞர்களின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி அடுத்த நாளைப் பற்றியது. பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவரான நகரம் அது. அமெரிக்க இசைக்குழுக்கள் பற்றிய அவர்களின் கூட்டமைப்பு அறிக்கையோ, 2014 கணக்குப்படி இசைக்கலைஞர்களில் கறுப்பினத்தவர் 1.8 சதவீதம் என்கிறது.

ஏன் என்று கேட்டால் “தகுதி” என்பார்கள். ஆள் தேர்வின்போது திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்கிறார்களாம், நடுவருக்கு முகமே தெரியாதாம். திரையால் பெண்கள் பயன்பெற்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து நிற்க ஏழெட்டு வயதிலிருந்து தனி ஆசிரியர், விலையுயர்ந்த கருவி, இசைக்கல்லூரிப் படிப்பு, ஒவ்வொரு தேர்வுக்கும் சொந்தச் செலவில் பயணம் எல்லாம் வேண்டும். பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதை இதைவிடத் தெளிவாக எங்கே பார்ப்பது? நம் போட்டித் தேர்வுகளின் விடைத்தாளைத் திருத்தும் இயந்திரத்துக்கும் சாதி தெரியாதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்காலி கிடைத்தவர்களின் நிலையும் கெட்டியானதல்ல. 2019 ஜூனில் நிர்வாகம் கதவடைப்பு செய்தது, 52 வார வேலையை 40 வாரமாகக் குறைக்க. மேரிலாந்து சட்டமன்றம் ஒதுக்கிய உதவித்தொகையை ஆளுநர் விடுவிக்க மறுத்தார். கலைஞர்கள் பதாகையோடு அரங்க வாசலில் நின்றார்கள். வயலின் வாசிப்பவரும் தொழிலாளிதான் என்பதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் குறித்துக்கொள்ளலாம்.

2023இல் ஜோனதன் ஹேவர்ட் இசை இயக்குநரானார். அந்தக் குழுவின் வரலாற்றில் முதல் கறுப்பினத்தவர். நூறாண்டுக்கும் மேல் ஆனது. அரசுப் பள்ளியில் பத்து வயதில் செல்லோ கற்கத் தொடங்கியவர். பள்ளியில் கருவியும் ஆசிரியரும் இருந்ததால் நடந்தது இது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்து முடிக்கிறேன். நம் மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, நம் வரிப்பணத்தில். அங்கே பாட்டுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் யார் படிக்கிறார்கள், நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் யார் படிக்கிறார்கள், பறைக்கு ஆசிரியர் பணியிடம் உண்டா, கடந்த பத்தாண்டுகளில் பட்டியல் சாதி மாணவர் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் கட்டணம். மாவட்டத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால் அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில் பதில்களை வைத்துக்கொண்டு பேசலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.