உள்ளொளியை எதனால் அளப்பது?

இன்றைய அறக்கட்டளைப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது பழைய வழக்கு ஒன்று. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே முறை என்று அப்போஸ்தலர் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னார்கள். அதை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் பேசுவது தேவனா, நம் சொந்த மனமா என்று யார் தீர்ப்பது? இந்தக் கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்தவர்கள் குவேக்கர்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் அது. ஆயர் வேண்டாம், தசமபாகம் வேண்டாம், பிரசங்க மேடையும் வேண்டாம் என்றார்கள். மௌனமாகக் கூடியிருப்பார்கள், ஏவுதல் பெற்றவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசுவார். கிறிஸ்துவின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு என்பதே அவர்களின் ஆதாரம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதற்கு ஒரு பெயரும் உண்டு: குவேக்கர்களில் ஒருவரான ஜேம்ஸ் நேலர். 1656 அக்டோபரில், கொட்டும் மழையில், அவர் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். இயேசு எருசலேமுக்குள் வந்ததைப்போல, உடன் வந்தவர்கள் பரிசுத்தர் என்று பாடினார்கள். இது ஓர் அடையாளச் செயல் மட்டுமே என்று நேலர் விளக்கியும் பாராளுமன்றம் அவரைத் தேவதூஷணக் குற்றவாளி என்றது. சாட்டையடி கொடுத்து, நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, நெற்றியில் சூடு போட்டார்கள். தண்டனை கொடூரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த ஊர்வலத்தில் உயர்த்தப்பட்டவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

ஏவுதலைக் கூட்டமாகச் சோதித்தறியும் வழக்கம் அதற்குப் பின் குவேக்கர்களிடையே உறுதிப்பட்டது. அப்படியானால் வாசல் வழியே வெளியேற்றிய மனித அதிகாரத்தைச் சன்னல் வழியே உள்ளே விட்டுவிட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சான்று அமெரிக்காவில் வாழ்ந்த குவேக்கர் பெஞ்சமின் லே. அடிமைமுறையைக் கண்டித்து அவர் எழுதிய நூல் சபையின் அனுமதியின்றி அச்சானது. 1738இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக்கூட்டத்தில் அவர் உள்ளே குடைந்த புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வாளால் குத்தினார். அதற்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்புப் பழச்சாறு அருகிலிருந்தவர்கள்மேல் இரத்தமாகத் தெறித்தது. சபை அவரை விலக்கியது. அங்கே செல்வாக்குள்ள பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அன்று சோதனை என்ற பெயரில் நடந்தது தற்காப்பு.

ஆகவே தனிமனிதரின் உறுதியும் போதாது, சபையின் ஒப்புதலும் போதாது. இயேசுவே சொன்ன அளவுகோல் கனி. அதை இரண்டு கேள்விகளாக்கலாம் என்பது என் கருத்து: ஏவுதல் பெற்றதாகச் சொல்பவர் எதை இழந்தார்? அதனால் யாருக்கு நன்மை வந்தது? வெறியரும் துன்பப்படுவாரே என்றால், உண்மைதான். அதனால்தான் முதல் கேள்வி தனியே நிற்காது. குவேக்கரான நியூ ஜெர்சித் தையற்காரர் ஜான் உல்மன் செழித்து வளர்ந்த தம் வியாபாரத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். அடிமைகளை வைத்திருந்தவர் வீட்டில் தங்க நேர்ந்தால், பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் புறப்படுவார். அடிமைமுறைக்கு எதிரான தம் கட்டுரையை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்திருந்து, சபையின் ஒப்புதலோடு 1754இல் வெளியிட்டார். அவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. வீடுவீடாகப் போய்ப் பேசினார். 1758இல் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கெடுக்கக் கூடாது என்றது. 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களை விலக்கத் துணிந்தது.

லேயும் இதே அளவுகோலில் தேறுகிறார். அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொடாமல், குகையைக் குடியிருப்பாக்கி வாழ்ந்த மனிதர் அவர். உல்மனின் பொறுமை அவரிடம் இல்லை என்பதற்காக அவருக்குக் கிடைத்த ஏவுதல் பொய்யாகிவிடாது. 1758 முடிவு அவர் இறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அவரை மீண்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாமலே சபை அவரை அடக்கம் செய்தது.