வீட்டிலிருப்பாரும் ஊக்கமும்

(பொத்தேரியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் கலைந்த பின்னர், நம் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "என் மகள் பட்டம் பெற்றபின் அரசாங்கத் தேர்வுக்காக ஓராண்டாய் வீட்டிலிருந்தே படிக்கின்றாள். புத்தகம் விரித்தபடி கிடக்கின்றது. மனம் செல்லவில்லையென்று வருந்துகின்றாள். தாங்கள் ஒருநாள் வந்து ஊக்கமுண்டாக நாலு வார்த்தை சொல்லவேண்டும்" என்றனர். அந்த நாலு வார்த்தை அன்று நமக்கு வாய்க்கவில்லை. அதனைத் தேடிப் பார்த்ததன் பயனே இன்றைய சிற்றுரை.

வீட்டிலடைந்து கிடத்தல் இன்னதென்பதை நம் நாட்டார் யாவரும் ஒருசேர அறிந்தது 2020-ஆம் ஆண்டிலாகும். மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. சிறிது தளர்ந்தபின், ஜூன் 19 முதல் 30 வரை சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டங்களின் பகுதிகளில் மீண்டும் கடுமை. இவ்வூர் அப்பொழுது இருந்த நிலையை நீங்கள் கண்ணாரக் கண்டவர்கள். பல்கலைக்கழகத்து மாணாக்கரை நம்பியே சிற்றுண்டிக் கடையும், நகலெடுக்கும் கடையும், வாடகை அறையும் நடைபெறும் ஊர் இது. மாணாக்கர் போயினர், கடைகள் அடைபட்டன, புறநகர் மின்சார வண்டியும் நின்றது. அவ்வண்டி அக்டோபர் 5-ஆம் தேதி மீண்டும் ஓடத் தொடங்கியபோதும், இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டுமே இடமளித்தது.

அவ்வண்டி நின்றபோதுதான் நாம் ஒன்றை உணர்ந்தோம். கூடுவாஞ்சேரியினின்று வரும் காலை வண்டியின் ஓசைக்கு எழுவதும், அடுத்த வண்டிக்குள் நீராடி முடிப்பதும், அதற்கடுத்த வண்டிக்கு ஓடுவதும் நமக்குப் பல்லாண்டுப் பழக்கம். அவற்றையெல்லாம் நமது சுறுசுறுப்பென்றே எண்ணிச் செருக்குற்றிருந்தோம். வண்டி நின்ற பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கும் பாயிற் கிடந்தோம். சுறுசுறுப்பு நம்முடையதன்று, வண்டியினுடையது!

ஓய்வு கிடைத்ததேயென்று, நெடுநாள் எண்ணியிருந்த நூலொன்றை எழுத முற்பட்டோம். ஐந்து மணிக்கு எழுதல், ஆறு முதல் ஒன்பது வரை எழுதுதல், பிற்பகலிற் படித்தல் என்று அழகான அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். அட்டவணை எழுதிய நாளன்று நாம் கொண்ட உற்சாகம் அளவற்றது. நான்காம் நாள் அதனைப் பார்க்கவே கூசிற்று. பகலெல்லாம் கைப்பேசியில் நோய்க்கணக்குப் பார்த்து, இரவெல்லாம் விழித்து, விடியலில் உறங்கினோம்.

நம்மை எழுப்பியவன் அடுத்த வீட்டுச் சிறுவன். பத்தாம் வகுப்பு மாணவனாகிய அவன், முகக்கவசம் அணிந்து மதிற்சுவருக்கு அப்பால் நின்று, "ஐயா, கணக்கு விளங்கவில்லை" என்றான். மாலை நான்கு மணிக்கு வாவென்றோம். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். நான்கு மணிக்கு அவன் வருவானென்றால், மூன்று மணிக்கு நாம் பாடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு முன் உண்டிருக்க வேண்டும். அதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். இவ்வாறு ஒரு மணி நேரம் நாள் முழுதையும் பிடித்து நேர்நிறுத்திற்று. 2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்பு திறக்கும்வரை இது நடந்தது. அவ்வாண்டு பத்தாம் வகுப்பினர் யாவரும் தேர்வின்றியே தேறியதாக அரசாங்கம் அறிவித்துவிட்டமையால், அவன் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டி நாம் பெருமை பேச வழியில்லை. நூலில் ஒரு பாதியை எழுதி முடித்தது நமக்குக் கிடைத்த ஊதியம்.

ஆகவே ஊக்கமென்பது நெஞ்சினுள் தானே ஊறும் ஊற்றென்று நாம் நம்புவதில்லை. குறித்த வேளையும், நம்மை எதிர்பார்த்து நிற்கும் ஒருவரும் இருப்பின், அது பின்னே வந்து சேர்கின்றது. பெரியோர் வாழ்க்கையும் இதனையே காட்டுகின்றது. நமக்கு அண்மையிலுள்ள மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள், 1911-இல் கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்திற் குடிபுகுந்தவர். 1950-இல் மறையுமளவும் அவர் பெரும்பணி வீட்டிலேயே நிகழ்ந்தது. மேலதிகாரியுமில்லை, மணியடிப்பாருமில்லை. எனினும் நாடோறும் நாட்குறிப்பு எழுதினார், திங்களிதழ் நடத்தினார். இதழுக்குப் பணம் கட்டியவர் அடுத்த இதழ் எங்கேயென்று கேட்பரன்றோ?

வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வரலாறோ இதனினும் அரியது. 1908-இல் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்து, பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912 டிசம்பரில் வெளிவந்தார். உடனிருந்த சிறைவாசிகள் வேண்ட, அவர்கட்காக வெண்பாக்கள் இயற்றினார். அவையே 'மெய்யறிவு' என்னும் நூலாயின. கேட்பாரிருந்தமையால் பாட்டுப் பிறந்தது.

ஊரடங்கு நாட்களில் ஐசக் நியூட்டனைப் பற்றிய கதையும் கைப்பேசிதோறும் உலவிற்று. 1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் கல்லூரி மூடப்பெற, அவர் ஊருக்குச் சென்று வீட்டிலிருந்தே பெரும் உண்மைகளைக் கண்டாரென்றும், நீயும் அவ்வாறு செய்க என்றும் இளைஞர்க்கு அறிவுரை! அவ்வாராய்ச்சிகளை அவர் முன்னரே தொடங்கியிருந்தார், பின்னரும் பல்லாண்டு உழைத்தார் என்பதைக் கதை சொல்வோர் விட்டுவிடுகின்றனர். அன்றியும், அவ்வீட்டில் அடுப்பெரித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இங்குதான் நம் அன்பரின் மகளிடம் மீள்கின்றோம். 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் நாடெங்கும் மக்கள் காலங்கழிக்கும் வகையைக் கணக்கெடுத்தனர். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்டிர் அதிற் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆடவர் 97 நிமிடம். அன்றியும், நாளில் அத்தகைய வேலையில் கைவைக்கும் ஆடவர் நூற்றுக்கு 26 பேரே; பெண்டிர் 81 பேர். இது ஊரடங்குக்கு முந்திய கணக்கு. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஊக்கமில்லையென்கின்றோம். அவள் புத்தகத்தை எடுத்தவுடன் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை வைத்து அமர்ந்தவுடன் தம்பிக்குப் பசி, பின்னர் விருந்தினர், பின்னர் பாட்டிக்கு மருந்து. வீட்டிலிருப்பவள்தானே என்பது நம் வாயில் எளிதாக வரும் சொல். அவளுக்கு மனமில்லாமலில்லை, ஐயா! தொடர்ந்து ஒரு மணி நேரமில்லை.

மறைத்துப் பயனில்லை. அந்த ஊரடங்கில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கைப்பேசி ஒன்றே இருந்தது; அது மகன் கைக்கே சென்றது. பள்ளி திறந்தபோது நம் சங்கத்தைச் சேர்ந்த இரு பெண்மக்கள் திரும்பிச் செல்லவில்லை. ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது; மற்றொருத்தி துணிக்கடை வேலைக்குச் சென்றாள். இருவரும் நன்கு படித்தவர்கள். சங்க ஆண்டுவிழாவிற் பரிசு பெற்றவர்கள். பரிசை எடுத்துக்கொடுத்த கைகளுள் நம் கையும் ஒன்று. ஆயினும் அவர்கள் வீட்டுப் படியேறி, ஏன் வரவில்லையென்று கேட்டவர் நம்முள் ஒருவருமில்லை, நாமும் கேட்கவில்லை. மதிலருகே வந்த சிறுவனுக்குக் கணக்குச் சொன்னோம். மதிலருகே வரவியலாதவளை நினைத்தோமில்லை.

அன்பருக்கு நாம் இப்பொழுது கூறும் விடை இது. மகளுக்கு அறிவுரை வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அவளை எவரும் எதற்கும் அழைத்தலாகாது. அந்நேரத்து நீரையும் அடுப்பையும் தாங்களும் தங்கள் மகனும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் அவள் படித்த ஒரு பகுதியை யாரேனும் ஒருவர் உட்கார்ந்து கேட்கவேண்டும். பகுதி சிறிதாயிருக்கட்டும், நாள் தவறாதிருக்கட்டும்.

வீட்டில் இடமில்லாதவர் பலர் என்பதையும் அறிவோம். ஓரறையில் ஐவர் வாழுமிடத்தில் தனிமை எங்ஙனம் கிட்டும்? நமது சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் திருமணப் பாத்திரங்களும் உடைந்த நாற்காலிகளும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்தி, இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும் இட்டு, காலை ஆறு முதல் ஒன்பது வரையிலும், மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் திறந்துவைக்கத் தலைவரவர்கள் இசைந்துள்ளார்கள். முதலிடம் பெண்மக்களுக்கே. அவர்களை அனுப்பும் தாய்மார்க்கு ஐயமெழாதிருக்க, நம் வீட்டு மூதாட்டியார் இருவர் எப்பொழுதும் அங்கிருப்பர். அவர்களே அன்றன்று படித்ததைக் கேட்பர். எழுத்தறியாத பாட்டியும் கேட்கலாம். அவர்களுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால், தேர்வாளருக்கும் விளங்கும்.

பாத்திரங்களை வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புறப்படுத்துகின்றோம், இளைஞர்கள் வரவேண்டும். திங்கட்கிழமை முதல் அறை திறந்திருக்கும். முதல் வாரத்துக் காலை வேளைக்கு மூதாட்டியார் ஒருவர் பெயர் கொடுத்துவிட்டனர். மாலை வேளைக்கு இன்னும் ஒருவர் வேண்டும். பெயரெழுதும் தாள் செயலாளர் மேசைமீது இருக்கின்றது.